வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்பவர்களுக்கு: பவர் சப்ளை, பயாஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டுக் கேட்கும் ஆசையில் ஒரு போர்டையும் டிரான்ஸ்பார்மரையும் வாங்கி வந்துவிட்டு, அடுத்து என்ன என்று நிற்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் ஒரே மாதிரி ஆம்ப்ளிஃபயரைப் பற்றித்தான் கேட்பார்கள். கடையில் "5200, 1943" என்று சொன்னாலே எடுத்துக் கொடுக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள், சேனலுக்கு ஒரு ஜோடி, 8 ஓம் ஸ்பீக்கர், கிளாஸ் ஏபி (ஒரு ஜோடி டிரான்சிஸ்டர் அலையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தள்ளும் வகை). அதையே உதாரணமாக வைத்துப் பதில் சொல்கிறேன். உள்ளே 230 வோல்ட் ஓடுகிறது என்பதை மட்டும் எப்போதும் நினைவில் வையுங்கள். கரண்ட் இருக்கும்போது அளவு எடுக்க நேர்ந்தால் ஒரு கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கட்டும்.

எந்த வோல்ட் டிரான்ஸ்பார்மர் வாங்குவது?

கணக்கை ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் வேண்டுமென்றால் அலையின் உச்சி 28 வோல்ட் வரை போக வேண்டும். ஆம்ப்ளிஃபயர் தனக்கென்று 4 வோல்ட் வைத்துக்கொள்ளும். லோடு ஏறும்போது சப்ளை இறங்குவதற்கு இன்னொரு 3 வோல்ட். ஆக பிளஸ் 35, மைனஸ் 35 தேவை. டயோடில் போகும் ஒரு வோல்ட்டையும் சேர்த்து 1.414ஆல் வகுத்தால் 25.5 வருகிறது. அதாவது 25-0-25 அல்லது 26-0-26. நடுவில் இருக்கும் பூஜ்ஜியம்தான் சென்டர் டேப், அதன் இரண்டு பக்கமும் அந்தந்த வோல்ட்.

கடைகளில் கையோடு கிடைப்பது பொதுவாக 24-0-24. அதையே வாங்கிக்கொள்ளலாம். 50 வாட் கிடைக்க வேண்டிய இடத்தில் 40க்குச் சற்று மேல் கிடைக்கும். காதுக்கு அந்த வித்தியாசம் ஒரு டெசிபல்கூட இல்லை. அந்த ஒரு டெசிபலுக்காக 30-0-30க்குத் தாவினால் ஹீட்சிங்க், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டரின் பாடு எல்லாமே ஏறும். வீட்டு ஹாலுக்கு 24-0-24 தாராளம் என்பது என் தீர்மானமான கருத்து.

24-0-24 என்று எழுதியிருக்கிறது, மீட்டரில் 38 வோல்ட் காட்டுகிறதே? டிரான்ஸ்பார்மர் தப்பா?

தப்பில்லை. மூன்று விஷயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. 24 என்பது ஏசி அளவு. கெப்பாசிட்டர் அலையின் உச்சி வரை சார்ஜ் ஆகும், அது 1.414 மடங்கு. அடுத்து, லேபிளில் இருக்கும் 24 முழு லோடில் வருவது. லோடு இல்லாதபோது 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக இருக்கும். மூன்றாவது, உங்கள் வீட்டுக் கரண்ட். என் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு 205 வோல்ட், தெருவே தூங்கிய பிறகு 248. இந்த 248இல் 24-0-24 டிரான்ஸ்பார்மர் லோடு இல்லாமல் 38 வோல்ட்டைத் தாண்டும்.

கெப்பாசிட்டர் வாங்கும்போது இந்த ராத்திரி வோல்ட்டேஜைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 24-0-24க்கு 50 வோல்ட் கெப்பாசிட்டர் போதும். 30-0-30க்கு அதே கணக்கு 48 வோல்ட் காட்டும், அங்கே 63 வோல்ட் கெப்பாசிட்டர்தான் போட வேண்டும்.

ஐசி போர்டுகளில் நிறையப் பேர் சறுக்குவதும் இங்கேதான். 4440 ஐசி 13.2 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது, ஓடும்போது 18ஐத் தாண்டக்கூடாது. 15-0-15 டிரான்ஸ்பார்மரில் இரண்டு டயோடு போட்டுக் கொடுத்தால் 20 வோல்ட் போகிறது. டிடிஏ2030 ஐசியின் எல்லை பிளஸ் மைனஸ் 18. 12-0-12 கொடுத்தால் பகலில் பிழைக்கும், வோல்ட்டேஜ் ஏறிய ஒரு ராத்திரியில் போய்விடும். பிளஸ் மைனஸ் 22 வரை தாங்கும் 2030ஏ வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை ஆம்பியர் வேண்டும்?

இரண்டு சேனலும் 40 வாட்டுக்கு மேல் இடைவிடாமல் ஓடினால் டிரான்ஸ்பார்மருக்கு சுமார் 220 விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு) வரும். பாட்டு அப்படி ஓடாது. மிருதங்க அடி ஒன்று உச்சத்துக்குப் போகும், அடுத்த நொடி கால்வாசிகூட இருக்காது. அதனால் 24-0-24 வகையில் 4 ஆம்பியர், அதாவது 192 விஏ, நன்றாகவே போதும். 5 ஆம்பியர் கிடைத்தால் இன்னும் நல்லது.

சிக்கல் என்னவென்றால், லேபிளில் 5 ஆம்பியர் என்று எழுதிய எல்லாமே 5 ஆம்பியர் தருவதில்லை. முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். பட்டைத் தகடுகள் அடுக்கிய சாதாரண கோரில் உண்மையான 24-0-24, 5 ஆம்பியர் என்றால் மூன்று கிலோவுக்கு மேல் கனக்க வேண்டும். அடுத்து காப்பர் வைண்டிங்கா என்று கேளுங்கள். அலுமினியக் கம்பி சுற்றியவையும் விற்பனையில் உண்டு. கனெக்‌ஷன் முனையில் வார்னிஷைச் சுரண்டிப் பார்த்தால் நிறம் சொல்லிவிடும்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. லாரி ஹெட்லைட்டில் போடும் 24 வோல்ட், 75 வாட் பல்பு ஒன்று வாங்கி, சென்டர் டேப்புக்கும் ஒரு பக்கத்து முனைக்கும் நடுவில் மாட்டுங்கள். 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். லோடு இல்லாதபோது 26 காட்டியது பல்பு எரியும்போது 24க்கு வந்து நின்றால் நல்ல டிரான்ஸ்பார்மர். 21க்கு இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அரை மணி எரியவிட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு, கோரின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். கையை வைத்திருக்க முடிகிறதா, இழுத்துக்கொள்கிறீர்களா என்பதே போதுமான பதில்.

டொராய்டு நல்லதா, சாதாரண கோர் நல்லதா?

வளைய வடிவக் கோரில் சுற்றிய டொராய்டில் காந்தக் கசிவு குறைவு, எடையும் குறைவு, பெட்டி சின்னதாக அமையும். ஆனால் ஸ்விட்ச் போட்ட கணத்தில் அதிகம் இழுக்கும். 300 விஏவுக்கு மேல் போனால் கரண்டை மெல்ல ஏற்றிவிடும் சாஃப்ட் ஸ்டார்ட் வேண்டும், ஃபியூஸ் அந்தக் கண நேர இழுப்பைத் தாங்கும் ஸ்லோ ப்ளோ வகையாக இருக்க வேண்டும். சாதாரண கோர் விலை குறைவு, முரட்டு வேலையும் தாங்கும். அதை இன்புட் சர்க்யூட்டிலிருந்து தள்ளி வைத்தாலே போதும்.

கெப்பாசிட்டர் எவ்வளவு போடலாம்?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் பிறகு நொடிக்கு 100 தடவை கெப்பாசிட்டர் நிரம்பும், நடுவில் வடியும். 10000 மைக்ரோஃபாரடில் 2 ஆம்பியர் இழுத்தால் ஏறி இறங்கும் அளவு சுமார் 2 வோல்ட். 4700 போட்டால் 4 வோல்ட்டுக்கு மேல். இரண்டு சேனலுக்கும் சேர்த்து, பிளஸ் பக்கம் 10000, மைனஸ் பக்கம் 10000 என்பது நம் உதாரணத்துக்குச் சரியான இடம்.

40000 போட்டால் தாழ்ந்த ஒலியான பேஸ் இன்னும் இறுக்கமாக இருக்குமா என்று கேட்பார்கள். கெப்பாசிட்டர் பெரிதாகப் பெரிதாக, அலையின் உச்சியில் மிகக் குறுகிய நேரத்துக்குள் அது நிரம்பியாக வேண்டும். அந்த இழுப்பு பிரிட்ஜையும் வைண்டிங்கையும் சூடாக்கும், ஸ்பீக்கரில் கேட்கும் "ஊம்" என்ற ஹம்மையும் கூட்டும். அந்தப் பணத்தை டிரான்ஸ்பார்மரில் போடுங்கள். பிரிட்ஜ் 35 ஆம்பியர் உலோக உடம்பு வகை, பெட்டியில் திருகி விடுங்கள். போலிக் கெப்பாசிட்டர்களும் சுற்றுகின்றன, பெரிய உறைக்குள் சின்னது. வாங்கும்போதே மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கெப்பாசிட்டரின் குறுக்கேயும் 2.2 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகு இரண்டு நிமிடத்தில் வடித்துவிடும். அது இல்லாவிட்டால் ராத்திரி அணைத்த பெட்டி காலையில் ஸ்க்ரூடிரைவர் முனையில் பொறி கிளப்பும்.

எஸ்எம்பிஎஸ் போடக்கூடாதா?

எஸ்எம்பிஎஸ் என்பது லேப்டாப் அடாப்டர் போன்ற எலக்ட்ரானிக் ஸ்விட்சிங் சப்ளை. டிரான்சிஸ்டர்களை வேகமாக ஆன் ஆஃப் செய்து ஓடும் கிளாஸ் டி போர்டு என்றால் தயங்காமல் போடுங்கள். டிபிஏ3116 ஐசி 26 வோல்ட் வரை ஏற்கும். வீட்டில் சும்மா கிடக்கும் 19 வோல்ட், 90 வாட் லேப்டாப் அடாப்டர் அதற்குப் பொருத்தமான ஜோடி. 8 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 20 வாட் சுத்தமாகக் கிடைக்கும். பத்துக்குப் பத்து அறைக்கு அது நிறைவான சத்தம்.

கிளாஸ் ஏபிக்குப் பிளஸ் மைனஸ் இரண்டும் தரும் ஆடியோ எஸ்எம்பிஎஸ் தேவை. எல்இடி விளக்குக்கான சப்ளையில் ஒரு தொல்லை உண்டு. பாட்டில் திடீரென்று ஒரு அடி விழும்போது லிமிட்டைத் தொட்டு அது தன்னை அணைத்துக்கொள்ளும், மறுபடி எழும், மறுபடி அணையும். சாதாரண டிரான்ஸ்பார்மர் அப்படிக் கைவிடாது, கொஞ்சம் இறங்கிக் கொடுத்துவிட்டுப் போகும். முதல் ஆம்ப்ளிஃபயருக்கு இரும்பு டிரான்ஸ்பார்மரையே சொல்வேன்.

பயாஸ் என்றால் என்ன? அது இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும்?

ஒரு ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஒன்று அலையின் மேல் பாதியையும் மற்றது கீழ்ப் பாதியையும் தள்ளுகிறது. பேஸ் எனும் உள்ளீட்டுக் காலில் 0.6 வோல்ட் வரும் வரை எந்த டிரான்சிஸ்டரும் கண் திறக்காது. அதனால் மேலிருந்து கீழே அலை கடக்கும் இடத்தில் இரண்டுமே தூங்கும் ஒரு சின்ன இடைவெளி விழும். இரண்டையும் எப்போதும் அரைத் தூக்கத்தில் வைத்திருக்கக் கொடுக்கும் சின்ன மின்னோட்டம்தான் பயாஸ்.

அது குறைந்தால் எப்படிக் கேட்கும் என்பதை ஒருமுறை காதால் அறிந்துகொள்ளுங்கள், பிறகு மறக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல், வால்யூமை நன்றாகக் குறைத்து ஒரு வீணைக் கச்சேரி போடுங்கள். மீட்டிய கணத்தில் ஒன்றும் தெரியாது. அந்தத் தந்தியின் நாதம் தேய்ந்து அடங்கும் கடைசி நொடியில், மணலை மிதிப்பது போல ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நாதம் கரைந்து போகாமல் சட்டென்று அறுந்துபோகும். வால்யூமை ஏற்றினால் இது மறைந்துவிடும். அதனால்தான் கடையில் சத்தமாகப் போட்டுக் காட்டும்போது யாருக்கும் பிடிபடுவதில்லை.

ஐசி ஆம்ப்ளிஃபயருக்கும் பயாஸ் வைக்க வேண்டுமா?

வேண்டாம். எல்எம்3886, டிடிஏ2050 போன்றவை உள்ளேயே பார்த்துக்கொள்கின்றன. கிளாஸ் டியிலும் நீங்கள் திருகுவதற்கு ஒன்றுமில்லை. முதல் முயற்சியில் பதற்றம் வேண்டாம் என்றால் 3886 அருமையான தேர்வு. பிளஸ் மைனஸ் 28 வோல்ட்டில் 8 ஓமுக்கு 38 வாட் தரும்.

பயாஸ் எவ்வளவு வைப்பது?

மின்னோட்டத்தை நேராக அளக்க வேண்டாம். அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், 0.22 அல்லது 0.33 ஓம். அதன் இரண்டு முனைக்கும் நடுவில் மில்லிவோல்ட் அளந்தால் போதும்.

ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தில் இருந்த பார்னி ஆலிவர் 1971இல் இதைக் கணக்குப் போட்டு எழுதினார். ஒரு ரெசிஸ்டரில் சுமார் 26 மில்லிவோல்ட் விழும்போது ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து அடுத்ததற்குக் கை மாறுவது மிகச் சீராக இருக்கும் என்பது அதன் சாரம். டிரான்சிஸ்டருக்குள்ளேயே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருப்பதால், வெளியே அளக்கும்போது அதைவிடக் குறைவாக வைப்பதே நடைமுறை. நான் 0.22 ஓமுக்கு 18 மில்லிவோல்ட் வைக்கிறேன். சுமார் 80 மில்லிஆம்பியர். பிளஸ் மைனஸ் 35 வோல்ட்டில் சேனலுக்கு ஆறு வாட்டுக்கும் குறைவான சூடு, ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக இருக்கும்.

கொஞ்சம் கூட வைத்தால் இன்னும் இனிமையாக இருக்கும் என்று 60, 70 என்று ஏற்றுபவர்கள் உண்டு. கிளாஸ் ஏபியில் அது வேலைக்காகாது. இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து தள்ளும் பகுதிக்கும் ஒன்று மட்டும் தள்ளும் பகுதிக்கும் நடுவில் புதிதாக ஒரு படி உருவாகி, டிஸ்டார்ஷன் திரும்ப ஏறும். சூடு மட்டும் மிச்சம்.

முதல் தடவை கரண்ட் கொடுப்பது எப்படி?

சீரிஸ் போர்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கத்தில் தொடராக மாட்டுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, சூடாகி ரெசிஸ்டன்ஸ் ஏறும் இழைதான் வேண்டும்.

முதலில் போர்டைச் சேர்க்காமல் சப்ளையை மட்டும் பாருங்கள். பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். பிளஸ்ஸும் மைனஸும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அணைத்து, கெப்பாசிட்டர் வடிந்த பிறகு ஒரு சேனலை மட்டும் சேர்க்கவும். ஸ்பீக்கர் வேண்டாம், இன்புட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்துவிடுங்கள், பிரீசெட் (பயாஸைக் கூட்டிக் குறைக்கத் திருகும் சின்ன ரெசிஸ்டர்) குறைந்த பயாஸ் பக்கம் முழுதாகத் திருகி இருக்கட்டும். மறுபடி ஸ்விட்ச். பல்பு மங்காமல் பளபளவென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள், எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரும்பாலும் நடுவில் வைத்த மைக்காத் தாள் கிழிந்து டிரான்சிஸ்டர் ஹீட்சிங்கைத் தொட்டிருக்கும்.

மங்கினால் அவுட்புட்டில் டிசி பாருங்கள், 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு அணைத்துவிட்டு மீட்டரை க்ரொக்கடைல் க்ளிப்பால் எமிட்டர் ரெசிஸ்டரில் கவ்வ விடுங்கள். மீட்டர் வயரின் முனையைக் கையால் பிடித்துக்கொண்டு திருகும்போது நழுவினால் ஒரு ஜோடி போய்விடும். பல்போடு 5 மில்லிவோல்ட் வையுங்கள். நிலையாக நிற்கிறது என்று தெரிந்த பிறகு பல்பை எடுத்துவிட்டு 10 வையுங்கள். இருபது நிமிடம் விட்டு, ஹீட்சிங்க் சூடு நிலைத்த பிறகு 18. கடைசி அளவு பெட்டியின் மூடியை மூடி அரை மணி ஓடியபின் எடுத்ததாக இருக்கட்டும்.

சரியாக வைத்த பயாஸ் தானாக ஏறுகிறதே, ஏன்?

பயாஸ் டிரான்சிஸ்டரை, அதாவது சூட்டைப் பார்த்துப் பயாஸைக் கட்டுப்படுத்தும் சின்ன டிரான்சிஸ்டரை, எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். என் முதல் போர்டில் அதை இரண்டு அங்குல வயரில் காற்றில் தொங்கவிட்டிருந்தேன், ஹீட்சிங்கில் துளை போட சோம்பல். குளிர்ந்த நிலையில் 20 மில்லிவோல்ட் வைத்தேன். சத்தமாக ஒரு மணி நேரம் ஓடிய பிறகு 90. மறுபடி திருகிக் குறைக்கலாம் என்று எழுந்து போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்து வருவதற்குள் ஃபியூஸ் போய், நான்கு டிரான்சிஸ்டர்களும் ஷார்ட் ஆகியிருந்தன.

காரணம் எளிய கணக்கு. டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடானால் அதன் 0.6 வோல்ட் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். ஹீட்சிங்க் 30 டிகிரியிலிருந்து 70க்குப் போனால் ஒன்றுக்கு 80, ஜோடிக்கு 160 மில்லிவோல்ட். பயாஸ் டிரான்சிஸ்டர் குளிர்ந்தே இருந்தால் அந்த 160ம் இரண்டு எமிட்டர் ரெசிஸ்டர்களின் மேல் போய் விழுகிறது. 0.44 ஓமில் அது 360 மில்லிஆம்பியர் கூடுதல். அது இன்னும் சூடாக்கும், இன்னும் இழுக்கும்.

ஆகவே பயாஸ் டிரான்சிஸ்டர் அதே ஹீட்சிங்கில், அவுட்புட் ஜோடிக்குப் பக்கத்தில், மைக்காவும் பேஸ்ட்டும் வைத்துத் திருகப்பட்டிருக்க வேண்டும். சூட்டில் பயாஸ் கொஞ்சம் இறங்கினால் கவலை இல்லை. ஏறினால் உடனே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

பிரீசெட் எந்த இடத்தில் இருக்க வேண்டும்?

பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில், ஒரு சின்ன ரெசிஸ்டரோடு தொடராக. மலிவான பிரீசெட்டில் நடுக்கால் தூசியால் தொடர்பு விடும். இந்த இடத்தில் இருந்தால் விட்டவுடன் பயாஸ் குறையும், ஒலி கரகரக்கும், அவ்வளவுதான். கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் இருந்து தொடர்பு விட்டால் பயாஸ் உச்சிக்குப் போய் அவுட்புட் ஜோடி எரியும். சில ரெடிமேட் போர்டுகளில் இரண்டாவது விதமாகவே இருக்கிறது. கரண்ட் கொடுக்கும் முன் ட்ராக்கைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

கிளாஸ் ஏ செய்து பார்க்க ஆசை.

செய்யுங்கள், ஆனால் சூட்டுக் கணக்கைப் போட்டுவிட்டு. கிளாஸ் ஏயில் டிரான்சிஸ்டர் தூங்குவதே இல்லை, எப்போதும் முழு மின்னோட்டம் ஓடும். ஜான் லின்ஸ்லி ஹுட் 1969இல் ஒயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் வெளியிட்ட 10 வாட் சர்க்யூட் இன்றும் நிறையப் பேர் செய்வது, நான்கே டிரான்சிஸ்டர்கள். 8 ஓமுக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர். அதாவது பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சேனலுக்கு 32 வாட் சூடு. அறை 40 டிகிரி இருக்கும் சென்னை மே மாதத்தில், ஒரு வாட்டுக்கு ஒரு டிகிரி ஏறும் ஹீட்சிங்க் 72இல் போய் நிற்கும். அதில் பாதியே ஏறும் பெரிய ஹீட்சிங்க் வாங்குங்கள். சப்ளையில் ஹம் தெரியாமல் இருக்க ரெகுலேட்டரோ கெப்பாசிட்டன்ஸ் மல்டிப்ளையரோ வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் "ஊம்" என்று ஹம் வருகிறதே?

இன்புட்டை ஷார்ட் செய்தும் வந்தால் கிரவுண்ட் வயரிங்தான். டிரான்ஸ்பார்மர் சென்டர் டேப்பும் இரண்டு கெப்பாசிட்டர்களின் கிரவுண்ட் கால்களும் சேரும் இடத்தில், ஒவ்வொரு உச்சியிலும் சராசரியைப்போல் நான்கைந்து மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. அந்த வழியில் எங்கும் இன்புட் கிரவுண்டைப் பற்றவைக்காதீர்கள். அங்கிருந்து ஒரு தடித்த வயரைத் தனியாக இழுத்து ஒரு புள்ளியில் முடியுங்கள். ஸ்பீக்கர் ரிட்டர்ன், போர்டு கிரவுண்ட், இன்புட் கிரவுண்ட் எல்லாம் அந்தப் புள்ளிக்குத் தனித்தனியாக வரட்டும்.

ஹம் போக மூன்று பின் பிளக்கின் எர்த்தைக் கழற்றிவிடுவது தெரிந்தே செய்யும் ஆபத்து. உலோகப் பெட்டிக்கு எர்த் எப்போதும் இருக்க வேண்டும்.

பயாஸை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது?

முதல் வாரம் முடிந்ததும் ஒருமுறை. பிறகு கோடை தொடங்கும்போது ஒருமுறை. எமிட்டர் ரெசிஸ்டரிலிருந்து இரண்டு மெல்லிய வயர்களை, தலா 1 கிலோ ஓம் சேர்த்து, பெட்டியின் பின்பக்கம் இரண்டு சாக்கெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் மூடியைத் திறக்காமலே அளக்கலாம். நான் பெட்டியின் அடியில் ஒரு தாள் ஒட்டி, தேதி, அறைச் சூடு, இரண்டு சேனலின் மில்லிவோல்ட் என்று எழுதி வருகிறேன். போன ஏப்ரலில் இடது சேனல் 18இலிருந்து 23 ஆகியிருந்தது. திறந்து பார்த்தால் பயாஸ் டிரான்சிஸ்டரின் திருகு தளர்ந்து, பேஸ்ட் காய்ந்திருந்தது.